சட்டமே நிச்சயித்த கல்யாணத்தைச் சட்டமே தடுக்கிறது: 58 எபிசோட் சீனத் தொடர் ஒன்றைப் பார்க்கும் வழி

58 எபிசோட், ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம். கூட்டினால் நாற்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது. 'மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து லீ பீச் மலர்கள்' ('லீ' என்பது சீனத் தூர அளவு) என்ற நீளமான பெயரோடு 2017 ஜனவரி 30 அன்று செஜியாங், டிராகன் என்ற இரண்டு செயற்கைக்கோள் சேனல்களில் தொடங்கி மார்ச் 1 அன்று முடிந்த தொடர் இது. வெளிநாட்டு ரசிகர்களுக்கு 'எடர்னல் லவ்' என்றால்தான் தெரியும். சீனத் தொடர்களுக்குள் புதிதாக நுழைகிறவர்களிடம் பழைய ரசிகர்கள் முதலில் நீட்டுவது பெரும்பாலும் இதைத்தான். புதியவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவதும் இதைத்தான்.

விடுவதற்குக் காரணம் நீளம் மட்டும் அல்ல. ஒரு காதல் கதையை 58 பங்காக இழுத்திருக்கிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்தால் பத்தாவது எபிசோடிலேயே பொறுமை போய்விடும். உள்ளே இருப்பவை மூன்று கதைகள். ஒரே நடிகை, ஒரே உயிர், ஆனால் மூன்று பெயர், மூன்று வாழ்க்கை. ஒவ்வொரு வாழ்க்கையிலும் காதலுக்கு வரும் தடை வேறு. அந்தத் தடை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் எங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும், எங்கே வேகத்தைக் கூட்டலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதல் பிறவி: குன்லுன் மலை

பாய் சியென் ஒன்பது வால் வெண்ணரி. சிங்சியூ என்ற நரிகளின் நாட்டு இளவரசி. ஆண் வேடத்தில் சி யின் என்ற பெயரோடு குன்லுன் மலையில் போர்க்கடவுள் மோ யுவானிடம் பதினேழாவது சீடராகச் சேர்கிறாள். முதல் டஜன் எபிசோடுகள் இங்கேதான் ஓடுகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மோ யுவானாக நடிப்பவரும் பிறகு கதாநாயகன் யே ஹுவாவாக நடிப்பவரும் ஒருவரே, மார்க் சாவ். முகத்தைப் பார்த்ததும் இவர்தான் ஜோடி என்று மனம் முடிவு கட்டிவிடும். முகம் வந்துவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை. இது தெரியாமல் பார்ப்பவர்கள் குரு சீடக் காதலை எதிர்பார்த்து, அது கிடைக்காமல் சலித்துப்போகிறார்கள்.

குருவும் சீடரும் காதலிப்பது சீனத்தில் ஏன் அவ்வளவு பெரிய குற்றம்? "ஒரு நாள் ஆசான் என்றால் ஆயுள் முழுக்கத் தந்தை" என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. மாதா, பிதா, குரு என்று அடுக்கிச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015இல் ஹுனான் சேனலில் வந்த 'மலரின் பயணம்' முழுத் தொடரும் இந்த ஒரு தடையின் மேல்தான் நின்றது. 'எடர்னல் லவ்' அந்தத் தடையை வாசலில் காட்டிவிட்டு உள்ளே போவதில்லை. சி யினின் முதல் காதலன் எதிரிக் குலமான சிறகுக் குலத்தின் இளவரசன் லி ஜிங். அவனும் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியிடம் போய்விடுகிறான். மூல நாவலில் இவர்கள் பேய்க் குலம், தொடரில் சிறகுக் குலம். நாவலின் மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் படிப்பவர்கள் குழம்பிவிடக் கூடாது.

இந்தப் பகுதியில் தவற விடக்கூடாத காட்சி இடி விழும் காட்சி. வானுலகத்தில் பதவி உயர்வு பரீட்சை எழுதி வருவதில்லை. இடி வாங்கித்தான் மேலே போக வேண்டும். சி யின் மேல் விழ வேண்டிய மூன்று இடிகளை மோ யுவான் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறார். காயம் ஆறுவதற்குள் சிறகுக் குலத்தோடு போர் வந்துவிடுகிறது. குலத் தலைவன் சிங் ட்சாங் உசுப்பிவிட்ட பேரழிவு மணியைத் தன் உயிரைக் கொடுத்து அடக்கி, அவனையும் அதற்குள் பூட்டிவிட்டுச் சாய்கிறார். பாய் சியென் குருவின் உடல் அழியாமல் இருக்க 70,000 ஆண்டுகள் தன் நெஞ்சின் இரத்தத்தை ஊட்டுகிறாள். இடி, காயம், போர், மணி, இரத்தம் எனச் சங்கிலி போல ஒன்று இன்னொன்றை இழுத்து வருகிறது. இதில் ஒரு கண்ணியைத் தாவிவிட்டால் இறுதி எபிசோடுகளில் யார் எதற்காக அழுகிறார்கள் என்பது புரியாது.

இரண்டாம் பிறவி: மனுஷி

சிங் ட்சாங் மீண்டும் வெளிவரப் பார்க்கிறான். தடுக்கப் போன பாய் சியெனின் சக்தி, நினைவு, உருவம் மூன்றையும் பூட்டி மனித உலகில் தள்ளிவிடுகிறான். அவள் அங்கே வெறும் மனுஷி, சூ சூ. காயம்பட்ட கருநிறப் பாம்பு வடிவில் அவளிடம் வந்து சேர்கிறான் வானுலகப் பட்டத்து இளவரசன் யே ஹுவா. கல்யாணம் ஆகிறது.

மனிதப் பெண்ணை வானுலகத்தான் கட்டுவதற்கு அங்கே ஏன் இவ்வளவு எதிர்ப்பு? இங்கேதான் சீன வானுலகத்தின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். அது நம் புராணச் சொர்க்கம் போல ஆடலும் பாடலும் நிறைந்த இடம் அல்ல. சீனப் பேரரசின் அரசாங்கத்தை அப்படியே மேகத்தின் மேல் தூக்கி வைத்தது போல இருக்கும். பேரரசர், பட்டத்து இளவரசர், பதவிப் படிநிலை, ஆணைப் பத்திரம், இடமாற்றம், பதவிப் பறிப்பு என எல்லாம் உண்டு. அங்கே காதல் பாவம் அல்ல, ஒழுங்கு மீறல். நெசவுப் பெண்ணும் மாடு மேய்ப்பவனும் பால்வீதிக்கு இரு கரையில் பிரிக்கப்பட்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஏழாம் மாதம் ஏழாம் நாளில் மட்டும் சந்திக்கும் பழங்கதையும் இதே வகைதான். அங்கும் ஒரு வானுலகப் பெண் தன் வேலையை விட்டுவிட்டுக் கீழே போனதுதான் குற்றம்.

யே ஹுவாவின் சித்தப்பா சாங் ஜி ஒருமுறை இப்படிக் காதலுக்காகப் போய், வடகடலுக்குத் துரத்தப்பட்டவர். இது போகிற போக்கில் வரும் செய்தி போல இருக்கும், ஆனால் கதையின் அச்சாணி இதுதான். சாங் ஜிக்கு நிச்சயித்திருந்த பெண் பாய் சியென். அவர் அவளுடைய பணிப்பெண்ணோடு போய்விட்டதால், அவமானப்பட்ட நரிக் குலத்தைச் சமாதானப்படுத்த வானுலகப் பேரரசர் ஓர் ஆணை போட்டார்: அடுத்து யார் பட்டத்து இளவரசரோ அவருக்குத்தான் பாய் சியென். அந்த இளவரசர் யே ஹுவா. ஆக, யே ஹுவா சட்டத்தை மீறிக் கட்டிய சூ சூவும், சட்டப்படி கட்ட வேண்டிய பாய் சியெனும் ஒரே பெண். அது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, தண்டிக்கிற பேரரசருக்கும் தெரியாது. பார்க்கிற நமக்கு மட்டும் தெரியும். இந்தப் பகுதியின் வலி முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?" என்று யே ஹுவாவைத் திட்டாதவர்கள் இல்லை. அவனுக்குக் காரணம் இருக்கிறது. சித்தப்பாவுக்கு என்ன ஆனது என்று பார்த்தவன் அவன். முதலில் போரில் இறந்தது போல நாடகமாடி மனித உலகத்துக்குத் தப்பிவிடத் திட்டமிடுகிறான். திட்டம் தோற்கிறது. பிறகு, அவள் மேல் தனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்று காட்டிக்கொண்டால்தான் வானுலகம் அவளை விட்டுவைக்கும் என்று கணக்குப் போடுகிறான். கணக்கு தப்பிவிடுகிறது. ஏனென்றால், அவன் விலகி நிற்பதையே சூ ஜின் என்ற மாளிகைப் பெண் ஆயுதமாக்கிக்கொள்கிறாள். சூ சூவின் மேல் பழி விழுகிறது. அவளுடைய இரண்டு கண்களையும் எடுத்து சூ ஜினுக்குக் கொடுக்க உத்தரவாகிறது. எடுப்பவன் யே ஹுவாவே. பிள்ளை பிறந்த பின் சூ சூ 'சூ சியென்' மேடையிலிருந்து குதிக்கிறாள். பெயருக்குப் பொருள் 'இறவாதவர்களைக் கொல்லும் மேடை'.

மனுஷி குதித்தால் சாக வேண்டும். ஆனால் அந்த மேடையின் கொடுமையே சிங் ட்சாங் போட்ட பூட்டை அரித்துவிடுகிறது. இறக்கப் போனவள் முழுத் தேவியாக எழுகிறாள். பட்ட வேதனையை மறக்க மருந்து கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

அழுகைக்குத் துணி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய எபிசோடுகள் இவை. நள்ளிரவில் தொடங்க வேண்டாம். நடுவில் நிறுத்த முடியாது. அடுத்த நாள் வேலைக்குப் போகவும் முடியாது.

மூன்றாம் பிறவி: தடையே இல்லாத தடை

300 ஆண்டுகள் கழித்துக் கிழக்குக் கடலின் பளிங்கு மாளிகை விருந்தில் இருவரும் சந்திக்கிறார்கள். அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவளுக்கு ஒன்றும் இல்லை. இப்போது சட்டம் இவர்கள் பக்கம். நிச்சயமான ஜோடி, சம அந்தஸ்து, பேரரசரின் ஆணை. அவளுக்கு 1,40,000 வயது, அவனுக்கு 50,000 வயது என்பதுதான் ஊர் சிரிக்கும் ஒரே குறை. (இந்த வயதுகளை மனித வயதாக மாற்றும் சூத்திரத்தைத் தேட வேண்டாம். 300 வயதுப் பிள்ளை மழலை பேசுகிறது, 50,000 வயதுக்காரன் இளைஞன். எந்த விகிதமும் ஒத்துவராது.)

தொடரின் பாதிக்கும் மேல் இந்தப் பகுதிதான். இங்கே தடை வெளியே இல்லை, அவளுடைய மறதிக்குள் இருக்கிறது. அவள் மறந்திருக்கும்வரை சிரிப்பு, கொஞ்சல், விருந்து. நினைவு வந்தால் எல்லாம் உடையும் என்று நமக்குத் தெரியும். லேசான காதல் காட்சிகளுக்கு அடியில் அந்தப் பயம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் பிறவியை வேகமாக ஓட்டிவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் பகுதி வெறும் ஜவ்வு. நின்று பார்த்தவர்களுக்கு அவன் அவளுக்குச் சமைத்துப் போடுகிற காட்சியே தொண்டையை அடைக்கும்.

வேகத்தை 1.25 ஆக்கக்கூடிய இடங்களும் இங்கே நிறைய. சிறகுக் குல அரண்மனைச் சதிகள், ஏற்கெனவே காட்டியதை மறுபடி காட்டும் நினைவுக் காட்சிகள், கடைசியில் வரும் அடுத்த எபிசோட் முன்னோட்டம் எல்லாவற்றையும் தாண்டலாம். முன்னோட்டத்தைத் தாண்டுவது கட்டாயம் என்றே சொல்லலாம். அதில் மறுநாள் அதிர்ச்சி மொத்தமும் உடைந்துவிடும்.

எங்கே நிறுத்தி மூச்சு விடுவது? மோ யுவான் சாயும் இடம் ஒன்று, சூ சூ குதிக்கும் இடம் ஒன்று, மூன்றாம் பிறவியில் ஒரு மாய விளக்கு உடைந்து அவளுக்கு நினைவு திரும்பும் இடம் ஒன்று. நாளுக்கு இரண்டு எபிசோட் என்று வைத்தால் 29 நாள். சீனத்தில் அந்தத் தொடர் ஓடியதும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான், அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது.

ஏன் 58?

2015 தொடக்கத்திலிருந்து ஒரு தொடரை ஒரே நேரத்தில் இரண்டு செயற்கைக்கோள் சேனல்களுக்கு மேல் மாலை முதன்மை நேரத்தில் காட்டக் கூடாது, ஒரு மாலைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் கூடாது என்று சீன அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தொடர்கள் எபிசோட் கணக்கில் விலை பேசப்படுபவை. வாங்கும் சேனல்கள் குறைந்தால், போட்ட பணத்தை எடுக்க எளிய வழி எபிசோடுகளைக் கூட்டுவது. இப்படி நீட்டிய தொடர்களுக்கு அங்குள்ள ரசிகர்கள் வைத்த பெயர் 'தண்ணீர் ஏற்றிய தொடர்'. கறியின் எடையைக் கூட்டத் தண்ணீர் ஏற்றும் கசாப்புக்காரரின் வேலையிலிருந்து வந்த சொல் அது. பாலில் தண்ணீர் கலப்பவர்களை அறிந்த நமக்கு உடனே புரியும். 2020 பிப்ரவரியில் ஒளிபரப்புத் துறை 40 எபிசோடுக்கு மேல் வேண்டாம், 30க்குள் இருந்தால் நல்லது என்று அறிவித்தது. அதன் பின் வந்த இதே வகைத் தொடர்களைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 2022இன் 'சாங் லான் ஜுவெ' 36, 2023இன் 'சாங் யுவெ ஜின் மிங்' 40. 58 போன்ற எண்கள் பழைய காலத்து அடையாளம்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. 2018இன் 'ஆஷஸ் ஆஃப் லவ்' ஒரு பதிப்பில் 63, இன்னொன்றில் 60. கதை குறையவில்லை, வெட்டிய இடம் மாறியிருக்கிறது. ஒரு தளத்தில் பாதி பார்த்துவிட்டு இன்னொரு தளத்தில் அதே எண்ணிலிருந்து தொடர்ந்தால் ஒரு மரணத்தையே தவறவிட்டிருக்கக்கூடும்.

நீளம் வெறும் தண்ணீர்தானா? அதே நாவலை 2017 ஆகஸ்டில் திரைப்படமாகவும் எடுத்தார்கள், லியு யிஃபெய் நடிப்பில். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. குன்லுன் காலத்தை விரிக்க அதில் இடமே இல்லை. 70,000 ஆண்டு இரத்தம் ஒரு தகவலாகச் சுருங்கினால், பின்னால் வரும் தியாகமும் தகவலாகவே நின்றுவிடும்.

காதில் விழும் சொற்கள்

வசன வரிகளைப் படித்துப் பார்ப்பவர்களுக்குப் பாதிச் சிக்கல் ஆங்கிலத்தால் வருவது. ஆங்கில வரியில் 'கல்ட்டிவேஷன்' என்று வருவதைத் தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டால் 'சாகுபடி' என்று வந்து நிற்கும். 50,000 ஆண்டு சாகுபடியை இழந்தார் என்றால் யாருக்குப் புரியும்? அது தவவலிமை. ஒரு தேவன் தன் தவவலிமையில் பாதியைக் கொடுத்து இன்னொருவரைக் காப்பாற்றினான் என்று படித்தால் எல்லாம் நேராகிவிடும்.

'டிரையல்', 'கலாமிட்டி' என்றெல்லாம் வரும் சொல் சீனத்தில் 'ஜியே'. இது நமக்கு அந்நியமே அல்ல. பௌத்த நூல்களைச் சீனத்துக்குக் கொண்டுபோனபோது 'கல்பம்' என்ற சொல்லை ஒலிபெயர்க்க 'ஜியேபோ' என்று எழுதினார்கள், பிறகு 'ஜியே' என்று சுருங்கியது. கல்ப முடிவில் உலகம் அழியும் என்பதால் அந்தச் சொல் காலப்போக்கில் பேரழிவையும், பிறகு ஒருவருக்குத் தப்ப முடியாமல் வரும் கண்டத்தையும் குறிக்கத் தொடங்கியது. இன்று 'காதல் ஜியே' என்றால் ஒரு தேவன் கடந்தே தீர வேண்டிய காதல் கண்டம். தீய குலத்தைக் குறிக்கும் 'மோ' என்ற சொல் நம் மாரன். புத்தரைக் கலைக்க வந்த அதே மாரன். பாதாள அரசன் 'யென் வாங்' நம் எமன். மூன்று பிறவி என்ற எண்ணமும் முற்பிறவி, இப்பிறவி, மறுபிறவி என்ற பௌத்தக் கணக்குதான். நரியோ சுத்தச் சீனச் சரக்கு. 'மலைகள், கடல்களின் நூல்' என்ற பழைய நூலில் சிங்சியூ மலையின் ஒன்பது வால் நரி குழந்தை போல அழும், மனிதரைத் தின்னும். அதை இரண்டாயிரம் ஆண்டு கழித்துக் கதாநாயகி ஆக்கியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தை விடத் தமிழ் நன்றாகப் பொருந்தும் இடமும் உண்டு. இளைய நரி ஃபெங் ஜியூ, பாய் சியெனை 'குகு' என்று அழைப்பாள். ஆங்கிலம் 'ஆன்ட்டி' என்று போட்டுவிட்டுப் போய்விடும். குகு என்றால் அப்பாவின் சகோதரி, அச்சு அசலாக நம் அத்தை. சித்தியும் பெரியம்மாவும் அத்தையும் வேறு வேறு என்று சீனரும் பிரித்துத்தான் பேசுவார்கள்.

பெயர்களில் கவனம் தேவை. சூ சூ, சூ ஜின் இருவரின் பெயரிலும் 'சூ' ஒரே எழுத்து. ஒருத்தி பலியானவள், இன்னொருத்தி பலி கொடுத்தவள். முதல் வாரம் ஒரு தாளில் பத்துப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். முகம் ஒன்றாக இருக்கும் மோ யுவானையும் யே ஹுவாவையும் உடையை வைத்தே பிரிக்கலாம். யே ஹுவா பெரும்பாலும் கறுப்பு. குரலுக்கும் உதட்டுக்கும் பொருந்தாதது போலத் தோன்றினால் உங்கள் இணையத்தின் குற்றம் அல்ல. இந்தத் தொடர்கள் பெரும்பாலும் பின்னணிக் குரல் கலைஞர்களால் பேசப்பட்டவை. நடிகர்களின் வட்டார உச்சரிப்பும் படப்பிடிப்புத் தளத்துச் சத்தமும் அதற்குக் காரணம்.

ஃபெங் ஜியூவின் காதல் தனிக் கிளை. அவள் விரும்பும் டுங் ஹுவா, காதல் தன்னைத் தடுக்காதிருக்கத் யாருக்கு யார் ஜோடி என்ற விதி எழுதப்பட்ட 'மூன்று பிறவிக் கல்'லிலிருந்து தன் பெயரைத் தானே அழித்தவர். அங்கே தடை போட்டவரே காதலரும். இந்தக் கிளை இத்தொடரில் முடிவதில்லை. 2020இல் வந்த 56 எபிசோட் தொடர் அதற்காகவே எடுத்தது. அதைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இங்குள்ள ஃபெங் ஜியூ காட்சிகளைத் தாண்ட வேண்டாம்.

அந்தக் கல் நிஜத்திலும் இருக்கிறது, ஹாங்சோ நகரில் மேற்கு ஏரிக்கு அப்பால், தியென்சூ கோயில் ஒன்றின் பக்கத்தில். தியென்சூ என்பது இந்தியாவுக்குச் சீனர் வைத்த பழம்பெயர். அந்தக் கல்லைச் சுற்றிய மூலக் கதையில் காதலர் யாரும் இல்லை. தாங் காலத்துத் துறவி ஒருவர், மறுபிறவியில் இங்கே சந்திப்போம் என்று நண்பருக்குச் சொல்லிவிட்டு இறந்தார். பல ஆண்டு கழித்து நண்பர் போனபோது, ஒரு மாடு மேய்க்கும் சிறுவன் பாடிக்கொண்டு வந்தான்.